ராஜா கதைகளில் கேள்வி கேட்பவர் யார்?

'ஒரு ஊரிலே ஒரு ராஜா' என்று தொடங்கும் கதையைக் கேட்டு வளராதவர் நம் கல்லூரியில் எவரும் இருக்க முடியாது. அந்தத் தொடரைச் சற்றே நிறுத்திப் பாருங்கள். ஊர் முதலில் வருகிறது. ராஜா பிறகு வருகிறார். ஆனால் அடுத்த வாக்கியத்திலிருந்து ஊர் காணாமற் போய்விடுகிறது. ராஜாவுக்குப் பிள்ளை இல்லாத கவலை, ராணியின் பொறாமை, மந்திரவாதியின் சூழ்ச்சி, ஏழு கடல் தாண்டிய குகையில் இருக்கும் கிளி என்று கதை நீள்கிறது. அந்த ஊரில் உழுதவர் யார், வரி கொடுத்தவர் யார், ராஜா தவறு செய்தால் ஏன் என்று கேட்டவர் யார் என்பதைக் கதை சொல்லுவதில்லை.

வரலாறு படிக்கும் மாணவன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னைச் சில காலமாக அலைக்கழித்து வருகிறது. மாயமும் மந்திரமும் நிறைந்த அரசகதைகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அரசு என்றால் என்ன, நீதி என்றால் என்ன என்பதை நாம் முதன்முதலில் கற்றது பாடநூலிலிருந்து அன்று. பாட்டியின் மடியிலிருந்தும் திரைக்கொட்டகையிலிருந்தும்தான். ஆகவே அந்தக் கதைகள் நமக்கு என்ன கற்பித்தன என்று ஆராய்வது வீண்வேலை ஆகாது. கடலூரும் சிதம்பரமும் சூழ்ந்த இந்த மண்ணைத் தொட்டு நிற்கும் கதைகளையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டு ஆராய முயல்கிறேன்.

காடாறு மாதம், நாடாறு மாதம்

முதலில் எல்லோரும் அறிந்த விக்கிரமாதித்தன் கதை. தேவேந்திரன் அவனுக்கு முப்பத்திரண்டு பதுமைகள் உள்ள சிம்மாசனத்தைத் தந்து, அதில் ஆயிரம் ஆண்டு வீற்றிருக்க வரமும் அளித்தான். மந்திரி பட்டிக்கோ காளியின் அருளால் இரண்டாயிரம் ஆண்டு ஆயுள். மன்னனுக்கு ஆயிரம், மந்திரிக்கு இரண்டாயிரம் என்றால் கணக்கு இடிக்கிறதே! பட்டி வழி கண்டான். ஆறு மாதம் நாட்டில் சிம்மாசனம், ஆறு மாதம் காட்டில் சஞ்சாரம். ஆயிரம் ஆண்டு இரண்டாயிரம் ஆயிற்று.

பட்டியின் கூர்மதியை நாம் வியக்கிறோம். ஆனால் இரண்டாயிரம் ஆண்டு ஒரே அரசன் என்ற ஏற்பாட்டைப் பற்றிக் குடிமக்களிடம் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? கேட்கவேண்டும் என்ற எண்ணமே கதை சொல்பவருக்கும் எழவில்லை, கேட்பவருக்கும் எழவில்லை. அரசனின் ஆயுளை நீட்டுவது மந்திரியின் சாமர்த்தியமாகவே முடிந்துவிட்டது.

இதே கதையில் இன்னொரு பகுதி இருக்கிறது. நெடுங்காலத்திற்குப் பின் போஜராஜன் வேட்டைக்கு வருகிறான். வழியில் ஒரு கொல்லை. காவலுக்கு ஒரு பரண். பரண்மேல் நிற்கும்போது கொல்லைக்காரன், 'வாருங்கள், வேண்டிய மட்டும் தின்னுங்கள்' என்று படையினரை வரவேற்கிறான். கீழே இறங்கியதும், 'ஐயோ, என் கொல்லை அழிந்ததே' என்று கதறுகிறான். மீண்டும் ஏறினால் மீண்டும் வள்ளல். காரணம், பரணுக்கு அடியில் விக்கிரமாதித்தன் சிம்மாசனம் புதைந்து கிடக்கிறது.

இங்கே கதை தன்னை அறியாமலே ஒரு பெரிய உண்மையைச் சொல்லிவிடுகிறது. பெருந்தன்மை அரச இரத்தத்தில் இல்லை. இருக்கும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் ஏற்றிவிட்டால் ஓர் உழவனும் விக்கிரமாதித்தனைப் போலவே நடந்துகொள்வான். ஆனால் அடுத்து நடப்பதென்ன? போஜராஜன் அந்த நிலத்தை விலைக்கு வாங்கிச் சிம்மாசனத்தைத் தோண்டி எடுத்துத் தன் தலைநகருக்குக் கொண்டு போகிறான். கொல்லைக்காரன் கதையிலிருந்தே மறைந்து போகிறான்.

ஆயினும் போஜனால் உடனே ஏறி அமர முடியவில்லை. படிக்குப் படி ஒரு பதுமை வழிமறிக்கிறது; 'இதில் அமர உனக்கு என்ன தகுதி?' என்று கேட்கிறது. அரசனைத் தகுதி கேட்கும் ஒரு குரல் நம் பழங்கதையில் இருக்கிறது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்தக் குரல் மரப்பாச்சியின் குரல், மனிதர் குரல் அன்று. மனிதர் எவரும் கேட்கத் துணியாததைக் கேட்பதற்காகவே கதை பதுமைக்கு வாய் கொடுத்திருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

மணி அடித்த பசுவும் மாண்ட மந்திரியும்

பதுமைக்கு வாய் கொடுத்தது போலவே, பசுவுக்கு மணிக்கயிற்றைக் கொடுத்த கதையும் நம்மிடம் உண்டு. மனுநீதிச் சோழன் கதை திருவாரூரில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்டாலும், அதை விரித்துப் பாடிய சேக்கிழாரின் பெரியபுராணம் தில்லையில் உருவாயிற்று என்பது மரபு. சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அநபாய சோழன் முன்னிலையில் அது அரங்கேறியது என்பர். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டாம் குலோத்துங்கனே அந்த அநபாயன் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்வர்.

கன்றைத் தேர்க்காலில் கொன்ற இளவரசன். ஆராய்ச்சி மணியை அசைத்த தாய்ப்பசு. தன் மகன்மேல் தேரைச் செலுத்திய தந்தை. இவ்வளவும் நமக்கு மனப்பாடம். பெரியபுராணத்தில் இடையில் வரும் ஒருவரை மட்டும் நாம் மறந்துவிட்டோம். அரசன் முதலில் தேரைத் தானே செலுத்தவில்லை. ஒரு மந்திரியை அழைத்து இளவரசன்மேல் தேரை ஓட்டும்படி பணிக்கிறான். கட்டளையை மீறவும் முடியாமல், இளவரசனைக் கொல்லவும் மனம் வராமல் அந்த மந்திரி தன் உயிரையே விட்டுவிடுகிறான். அதன் பிறகுதான் அரசன் தேர் ஏறுகிறான். ஆக, கன்றுக்குப் பிறகு அந்த நீதியில் முதலில் மாண்டவன் ஒரு பணியாளன். அவன் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. இறுதியில் இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் மந்திரியையும் எழுப்பித் தருகிறான். கதையில் இறைவன் வந்தான், சரியாயிற்று. இறைவன் வராத ஊர்களில் அத்தகைய மந்திரிகளின் கதி என்னவாகியிருக்கும்?

மனுநீதிச் சோழனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. உலகக் கதைகளில் தன் மகனைச் சட்டத்திற்கு மேலாக வைக்காத அரசர்கள் மிகச் சிலரே. ஆயினும் அந்த மணி அரசன் கட்டிய மணி. அவனுக்குப் பின் வரும் அரசன் அவிழ்த்து எடுத்துவிட்டால் பசு எங்கே போய் முறையிடும்? கருணையால் கிடைத்தது வேறு; உரிமையாகக் கிடைத்தது வேறு.

இந்தக் கதையைப் புதிய கண்ணோடு பார்த்தவர் நம் மாவட்டத்துக்காரரே. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகள், 'மனுமுறைகண்ட வாசகம்' என்ற உரைநடை நூலை 1854-இல் வெளியிட்டார். அதில் அரசன் தான் என்ன பாவம் செய்தேனோ என்று நெடிய பட்டியலிட்டுப் புலம்புகிறான். அந்தப் பட்டியலில்தான் புதுமை இருக்கிறது. குடிகளின்மேல் வரிச்சுமையை ஏற்றுவது, உழைத்தவனுக்குரிய கூலியில் கை வைப்பது, ஊரார் தண்ணீர் எடுக்கும் குளத்தை மூடுவது ஆகியவையெல்லாம் கொலைக்குச் சமமான பாவங்களோடு ஒன்றாக நிறுத்தப்படுகின்றன. கன்றைக் கொன்ற குற்றம் ஒருநாள் குற்றம். கூலியைக் குறைப்பதோ நாள்தோறும் நடக்கும் குற்றம். அடிகளார் அதையும் அரசகதைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார். 1867-இல் வடலூரில் தருமச்சாலை அமைத்து அடுப்பை ஏற்றியவரும் அவரே. பசித்தவன் அரண்மனை மணியைத் தேடிப்போக வேண்டியதில்லை என்பதற்கு அந்த அடுப்பே சான்று.

கல் மிதந்து வந்த கரை

கடலூர்க்காரர்களுக்கு அரசனை எதிர்த்து நின்ற ஒருவரின் கதை வீட்டுக் கதை போன்றது. பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் அழைக்கிறான். அவர் போக மறுக்கிறார். உடனே நீற்றறை, நஞ்சு, மதயானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் எறிதல். குற்றச்சாட்டு என்ன? அவர் மதம் மாறினார் என்பதே. விசாரணை உண்டா? அவர் பக்கத்து வாதத்தைக் கேட்டவர் உண்டா? பெரியபுராணத்தைப் படிக்கும்போது தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வழக்கு மட்டும் வரவில்லை. அந்த மன்னன் ஏழாம் நூற்றாண்டின் முதலாம் மகேந்திரவர்மன் என்று ஆய்வாளர் பலர் கருதுவர்.

கல் தெப்பமாயிற்று, நாவுக்கரசர் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறினார் என்கிறது புராணம். கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயர் இன்றும் அந்த நினைவைச் சுமந்து நிற்கிறது. எளிய மனிதன் ஒருவன் பேரரசனுக்கு அடங்க மறுத்ததைக் கொண்டாடும் இக்கதை நமக்குப் பெருமை தருவதே.

ஆனால் கதையின் கடைசிப் பகுதியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அரசன் மனம் மாறிச் சைவனாகிறான். மாறியவுடன் பாடலிபுத்திரத்தில் இருந்த சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரஈச்சரம் என்ற கோயிலை எழுப்பியதாகச் சேக்கிழார் கூறுகிறார். அந்தப் பாடலிபுத்திரம் நம் திருப்பாதிரிப்புலியூரே என்பர். அரசனின் சமயம் மாறிற்று. அதிகாரத்தின் சுபாவம் மாறவில்லை. நேற்று ஒருவரை வழக்கின்றி நீற்றறையில் இட்ட அதே கை, இன்று வேறொருவரின் பள்ளியை வழக்கின்றி இடிக்கிறது. இதில் எந்தச் சமயத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. கேட்பாரற்ற அதிகாரம் யார் பக்கம் நின்றாலும் ஆபத்தானது. இன்று நம் பக்கம் நிற்கிறதே என்று மகிழ்வதற்கில்லை. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

ஆதனூரும் தில்லையும்

அரசன் இல்லாமலே அரச அதிகாரம் நடப்பதும் உண்டு. அதற்குச் சான்று நந்தனார் கதை. சேக்கிழார் சொல்லும் திருநாளைப்போவார் கொள்ளிடக்கரை ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று தில்லைக்கு ஏங்கியவர். பெரியபுராணத்தில் அவரைத் தடுக்கும் பண்ணையார் எவரும் இல்லை. அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். புராணத்தோடு பொருந்தவில்லை என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதற்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதை உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். புராணத்தோடு பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் பாரதியார் தம் கண்ணெதிரே கண்ட காவிரிக் கழனிகளோடு அது நன்றாகவே பொருந்திற்று. பண்ணையாள் ஒருவன் ஒருநாள் விடுப்புக் கேட்கிறான், ஆண்டை மறுக்கிறார். கதையின் முடிச்சு இதுதான்.

முடிச்சு அவிழ்வது எப்படி? நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஒரே இரவில் முடித்தால் போகலாம் என்கிறார் வேதியர். சிவபூதங்கள் வந்து முடித்துவிடுகின்றன. வேதியர் நந்தனின் காலில் விழுகிறார். இந்த இடத்தை என் பாட்டி சொல்லும்போது எப்போதும் ஒரு கேள்வி சேர்ப்பார். வீராணத்துப் பாசனத்தில் ஆயுள் முழுவதும் நாற்று நட்டவர் அவர். "பூதம் வந்து அறுத்துப் போட்டுட்டுதுன்னா, அன்னிக்கு நம்ம சனத்துக்குக் கூலி என்னாச்சுடா?" என்பார். எந்த ஆராய்ச்சி நூலிலும் நான் படிக்காத கேள்வி அது. பூதங்கள் நந்தனுக்கு விடுப்பு வாங்கிக் கொடுத்தன. சேரியிலிருந்த மற்றவர்களுக்கு மறுநாளும் அதே ஆண்டை, அதே வயல், அதே படியளப்பு.

தில்லையில் நடந்ததோ அதைவிடக் கடுமையானது. நந்தனார் தீக்குழியில் இறங்கி, பூணூலும் சடைமுடியும் உடைய முனிவராக எழுந்த பிறகே உள்ளே போகிறார். வாசல் மாறவில்லை, வந்தவர் மாற வேண்டியிருந்தது. மாயக்கதையில் ஏழைக்குக் கிடைக்கும் நீதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. தவளை இளவரசன் ஆகலாம். விறகுவெட்டி ராஜாவின் மருமகன் ஆகலாம். தவளையாகவும் விறகுவெட்டியாகவும் இருந்தபடியே மதிப்புப் பெற வழியில்லை.

இதை நம் எழுத்தாளர்கள் சும்மா விடவில்லை. 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன், 'புதிய நந்தன்' என்ற சிறுகதையில் ஆதனூரை ரயில் ஓடும் காலத்திற்குக் கொண்டுவந்தார். அங்கே தீக்குழி இல்லை. ரயில் பாதையில் மூன்று உயிர்கள் போகின்றன. எந்தப் பூதமும் வந்து காப்பாற்றவில்லை. இந்திரா பார்த்தசாரதி 1978-இல் எழுதிய 'நந்தன் கதை' நாடகம், தீயில் இறக்கியதை அற்புதமாகப் பார்க்காமல் சூழ்ச்சியாகப் பார்த்தது.

எழுத்துக்கு அப்பால் செயலில் விடை கண்டவர் சுவாமி சகஜானந்தர் (1890–1959). அவர் சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். நந்தனின் பெயரால் அவர் மூட்டியது அடுப்பும் விளக்குமே. படிக்கவந்த பிள்ளை தன்னை எரித்துக்கொள்ள வேண்டியதில்லை. பலகையும் பலப்பமும் போதும். 1947-இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தபோது, கதையில் ஒருவருக்காக ஒருநாள் மட்டும் நடந்தது சட்டத்தில் எல்லோருக்குமாக நடந்தது. ஒருவர் பெறும் அற்புதத்திற்கும் எல்லோரும் பெறும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஏரியை வெட்டியவர் யார்?

புராணத்தை விட்டு வரலாற்று நவீனத்திற்கு வருவோம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வெளிவந்தது. அதன் முதற்காட்சியே நம் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில், வீரநாராயண ஏரிக்கரையில்தான். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரைமேல் வருகிறான். ஏரி நிறைந்து அலைமோதுகிறது. படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளம் பொங்கும். அது எங்கள் ஏரி.

பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்தில் அமைந்த ஏரி அது. வீரநாராயணன் என்பது அவனுடைய பட்டப்பெயர். அவன் மகன் இராசாதித்தன் படைவீரர்களைக் கொண்டு வெட்டுவித்தான் என்று சொல்லப்படுகிறது. 2004 முதல் சென்னை நகரமும் அதன் தண்ணீரைக் குடித்து வருகிறது. வெட்டுவித்தவன் பெயர் தெரிகிறது. வெட்டியவர்களில் ஒருவர் பெயராவது தெரிகிறதா? சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் வருகிறது. கூலியின்றிச் செய்யவேண்டிய உழைப்புக்கு அது பெயர். பயனற்று இருப்பவனை இன்று நாம் 'வெட்டியாக இருக்கிறான்' என்கிறோம். ஊதியமற்ற உழைப்பின் பெயர் உழைப்பற்றவனின் பெயராக மாறிவிட்ட கொடுமையைப் பாருங்கள்! இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு என்று வரி நீக்கிய நிலங்களை எண்ணும்போது பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் எண்ணப்படுகின்றன. பொற்காலம் என்று நாம் போற்றும் காலத்தின் கணக்கேட்டிலேயே அந்தச் சொற்கள் இருக்கின்றன. நவீனத்தில் அவை இல்லை.

அந்த நவீனத்தின் மையமான ஆதித்த கரிகாலன் கொலைக்கும் நம் பகுதியில் சான்று உண்டு. காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த உடையார்குடிக் கோயிலில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று இருக்கிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் கொலைத் துரோகிகள் என்று அது குறிக்கிறது. அவர்களுடைய நிலங்கள் மட்டுமல்ல, உறவினர் நிலங்களும் பறிமுதலாகின்றன. மாமன்மாரும் பெண் எடுத்தோரும்கூடத் தப்பவில்லை. கொலை கொடிய குற்றமே. ஆனால் சம்பந்தம் செய்த குற்றத்திற்காக நிலத்தை இழந்தவன் எந்த மணியை அடிப்பான்?

ஏரி என்றதும் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று பாண்டியன் ஆணையிட்டான். ஆள் இல்லாத பிட்டு விற்கும் கிழவி வந்திக்காக இறைவனே கூலியாளாக மண் சுமந்தான். வேலை செய்யாமல் படுத்த கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி எல்லா உயிர்கள்மேலும் விழுந்தது. அரசன் முதுகிலும் விழுந்தது. நம் மாயக்கதைகளுள் இதைவிட உயர்ந்த கற்பனை இல்லை என்பேன். கூலிக்காரன் முதுகில் விழும் அடி அரசன் முதுகிலும் வலிக்கவேண்டும். பொறுப்புள்ள அரசு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

கட்டப்பாவும் கடல் கடந்த கதைகளும்

திரைப்படங்கள் இந்த மரபை எங்கே கொண்டு சென்றன? 1958-இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில் நாடோடி ஒருவன் அரியணையில் அமர்ந்து ஏழைகளுக்காகச் சட்டங்கள் செய்கிறான். அன்று கொட்டகைகள் அதிர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அவன் எப்படி அமர முடிந்தது? அவனுக்கு மன்னனின் முகம் இருந்தது. 2006-இல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யிலும் தீய மன்னனுக்குப் பதிலாக வருபவன் அவனுடைய இரட்டைப் பிறவியே. அரை நூற்றாண்டு சென்றும் மருந்து மாறவில்லை. அரசனைப் போல முகம் இல்லாத ஒருவன் அரசாள்வதைத் திரையில் கற்பனை செய்ய நமக்கு இன்னும் கூச்சம் போலும்!

2015-இலும் 2017-இலும் வந்த 'பாகுபலி' படங்களில் கட்டப்பா என்ற வீரன் வருகிறான். அவன் முன்னோர் கொடுத்த வாக்குக்காக அவன் அரியணைக்கு அடிமை. ராஜமாதா ஆணையிடுகிறாள், விசாரணை இல்லை, தான் தூக்கி வளர்த்த பாகுபலியை முதுகில் குத்துகிறான். கட்டப்பா ஏன் கொன்றான் என்று நாடே இரண்டாண்டு கேட்டது. கட்டப்பா ஏன் அடிமையாக இருக்கிறான் என்று கேட்டவர் எத்தனை பேர்? கொத்தடிமை முறையை ஒழித்து 1976-இல் சட்டம் செய்த நாட்டில், பரம்பரை அடிமையின் விசுவாசத்தைக் கைதட்டி வரவேற்றிருக்கிறோம். இறுதியில் மகிழ்மதிக்கு விடிவு வருகிறது. எப்படி? அரச இரத்தத்தில் பிறந்த மகன் திரும்பி வருகிறான்.

இது நம் நாட்டுக் குறை மட்டும் அன்று. ஆங்கிலத்தில் மாயக்கதையின் தந்தை போல் மதிக்கப்படும் டோல்கீன் தம் பெருங்கதையின் மூன்றாம் பாகத்திற்கு (1955) வைத்த பெயரே 'மன்னனின் மீட்சி' என்ற பொருளுடையது. ஹாரி பாட்டர் கதைகளில் கூலியின்றி உழைக்கும் குட்டிப் பணியாட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சங்கம் தொடங்கும் மாணவியைத் தோழர்களே கேலி செய்கிறார்கள். ஆனால் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குயின் 1973-இல் எழுதிய ஒரு சிறுகதை வேறு வழி காட்டுகிறது. ஒரு நகரம் முழுவதும் இன்பத்தில் திளைக்கிறது. அந்த இன்பம் நிலைக்க ஒரு குழந்தை நிலவறையில் வதைபட வேண்டும். எல்லோருக்கும் அது தெரியும். பலர் பொறுத்துக்கொள்கிறார்கள், சிலர் மட்டும் நகரத்தை விட்டே நடந்து போய்விடுகிறார்கள். மாயக்கதையாலும் இத்தகைய கேள்வியைக் கேட்க முடியும் என்பதற்கு இது சான்று.

கல்லில் எழுதிய கேள்வி

அப்படியானால் நம் மண்ணில் மனிதர்கள் கேட்டதே இல்லையா? கேட்டிருக்கிறார்கள். 1429-ஆம் ஆண்டளவில், விசயநகர ஆட்சியில், பழைய தென்னார்க்காடு, தஞ்சைப் பகுதிகளில் வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்றுகூடினர். காலங்காலமாக ஒருவரோடொருவர் மோதிக்கொண்டவர்கள் அவர்கள். நிலக்காணியாளரும் அரசு அதிகாரிகளும் செய்த கொடுமைக்கும் அளவு மீறிய வரிக்கும் இனி உடன்படுவதில்லை என்று தீர்மானித்துக் கோயில் சுவர்களில் கல்வெட்டாகப் பொறித்தார்கள். அங்கே பதுமை பேசவில்லை, பசு மணி அடிக்கவில்லை, பூதம் வரவில்லை. உழுதவரும் நெய்தவரும் தம் சொந்த வாயால் பேசினார்கள். இதை வைத்து ஒரு நவீனமோ ஒரு படமோ புகழ்பெற்றதாக நான் அறியேன். அந்த நிகழ்ச்சியில் கதாநாயகனாக்க ஓர் இளவரசன் இல்லாததே காரணம் என்று தோன்றுகிறது.

இன்று மாவட்ட ஆட்சியர் ஊர் ஊராகச் சென்று மனுக்கள் வாங்கும் நாளுக்கு 'மனுநீதி நாள்' என்று பெயர். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. பெயர் பழையதாக இருக்கட்டும், தவறில்லை. ஆனால் மனு கொடுக்க வரிசையில் நிற்பவர் அரண்மனை வாசலில் நிற்கும் பசு அல்லர், வாக்களித்த குடிமகன். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்த மன்னனும் கட்டிவைத்த மணி அன்று. எவரும் அவிழ்த்து எடுத்துச் செல்லக்கூடாத மணி. கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்பவனுக்கு அரசனின் முகம் தேவையில்லை. ஆனாலும் நாம் அதைக் கேட்கத் தயங்குகிறோம். 'நல்ல தலைவன் ஒருவன் வந்தால் எல்லாம் சரியாகும்' என்று திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது அரசகதையின் கடைசிப் பக்கத்திலிருந்து நம் நாவில் ஒட்டிக்கொண்ட வாக்கியம்.

ராஜா கதைகளை எரித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேதாளத்தையும் வந்தியத்தேவனையும் இழந்து வாழ எனக்கும் விருப்பமில்லை. கதை படிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் மூன்று கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொள்வோம். இந்த அரண்மனைக்குச் சோறு போட்டவர் யார்? தவறு நடந்தபோது கேட்க முடிந்தவர் யார்? கேட்டவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசல் மிதித்த நம்மில் பலருக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. நம் பாட்டிகள் களத்துமேட்டில் நின்று கேட்டவைதான். அவர்கள் கேட்டதை ஏட்டில் எழுதும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுதுவோம்!